343-க்குப் பிறகும் எண்ணவேண்டியவர்கள்

அன்பர்களே,

செப்டம்பர் 11-ஐ நினைவு நாளாக்கும் சட்டத்தை அமெரிக்கா 2001 டிசம்பரிலேயே இயற்றிவிட்டது. அன்று கொடி அரைக்கம்பத்தில் பறக்கும். ஆனால் நேராகப் பாதிக்கு ஏற்றக்கூடாது. உச்சிவரை ஏற்றி, பிறகே இறக்க வேண்டும். மாலையிலும் மறுபடி உச்சிக்குக் கொண்டுபோய்த்தான் கழற்ற வேண்டும். நம் கொடி விதியும் இதுதான். பலர் கோட்டைவிடுவதும் இதில்தான்.

நியூயார்க்கில் ஆறுமுறை மௌனம். 8:46, 9:03-க்கு உலக வர்த்தக மையத்தின் இரட்டைக் கோபுரங்களிலும், 9:37-க்கு ராணுவத் தலைமையகமான பென்டகனிலும் விமானங்கள் மோதின. 9:59-க்குத் தெற்குக் கோபுரம் சரிந்தது. 10:03-க்குப் பென்சில்வேனியாவில் நான்காவது விமானம் விழுந்தது. 10:28-க்கு வடக்குக் கோபுரமும் போயிற்று. இடையிடையே உறவினர்கள் 2,983 பெயர்களை வாசிக்கிறார்கள். 1993-இல் அதே வர்த்தக மையத்தில் நடந்த குண்டுவெடிப்பில் இறந்த ஆறு பேரும் இதில் அடக்கம்.

தீயணைப்புத் துறையின் மணி ஐந்தைந்தாக நான்குமுறை ஒலிக்கும். வீரர் இறந்த செய்தியைத் தந்தியில் அனுப்பிய காலத்துக் குறியீடு அது. அன்று அத்துறை இழந்தது 343 பேரை. தெற்குக் கோபுரம் விழுந்ததும் வடக்கில் இருந்தவர்களை வெளியேறச் சொன்னார்கள். உயர்ந்த கட்டடத்துக்குள் வயர்லெஸ் சரியாக எட்டாததால் பலர் காதில் அது விழவேயில்லை. மேலே சுற்றிய போலீஸ் ஹெலிகாப்டரின் எச்சரிக்கையும் தீயணைப்புத் துறைக்குப் போய்ச் சேரவில்லை. இரு துறைக்கும் அலைவரிசை வேறு.

என் மனத்தாங்கல் இனிதான். இடிபாடு மாதக்கணக்கில் புகைந்தது. தூளான கான்கிரீட், கண்ணாடி இழை, ஆஸ்பெஸ்டாஸ் எல்லாம் கலந்த காரத்தூசி அது. அதற்குத் துணி முகமூடி காணாது; முகத்தோடு ஒட்டி அடைக்கும் வடிகட்டி முகமூடி வேண்டும். தாடி இருந்தால் விளிம்பு ஒட்டாது, பேசுவதற்காகக் கழற்றினால் போட்டதே வீண். போதாக்குறைக்கு, காற்று பாதுகாப்பானது என்று சுற்றுச்சூழல் முகமை ஒரே வாரத்தில் அறிவித்துவிட்டது.

அந்தத் தூசி தந்த நோயில் இறந்த தீயணைப்பு வீரர்கள் 2023-லேயே 343-ஐத் தொட்டு, பிறகு தாண்டியும் விட்டார்கள். இப்படி நோயுற்றவர்களுக்கான சிகிச்சைச் சட்டம் கையெழுத்தானது 2011-இல்தான். 2015-இல் அதை 2090 வரை நீட்டித்தார்கள். ஆனால் நினைவிடத்தில் வாசிக்கும் பட்டியலில் நோயில் இறந்த இந்த வீரர்கள் இல்லை. துறைத் தலைமையகச் சுவரில் தனியே இவர்கள் பெயரைப் பொறிக்கிறார்கள், ஒவ்வொரு செப்டம்பரும் புதிதாகச் சேர்த்து. மேடையிலும் அதை வாசித்தால் என்ன? கூடுதலாக அரைமணி ஆகும், அவ்வளவுதான்.