கசிலினத்தில் பிச்சைக்காரர்கள் இல்லை

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம்.

"லத்தீனிய மக்களை ரோமோடு பிணைத்தது வாளின் வெற்றியா, உரிமையின் பங்கீடா?" என்ற கேள்விக்கு, உரிமையின் பங்கீடே என்று வாதாட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், "தோற்றவனுக்கு வென்றவன் போட்ட பிச்சைக்கு உரிமை என்று பெயர் சூட்டுகிறார்கள்" என்று சொல்லிவிட்டு அமர்ந்தார். அவையில் பலத்த கைதட்டல் எழுந்தது. அந்தச் சொல்லுக்குப் பதில் சொல்லாமல் நான் வேறு வாதத்துக்குள் நுழையப்போவதில்லை.

யாரைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொன்னார் என்பதை முதலில் பார்ப்போம். தைபர் ஆற்றுக்குத் தெற்கே விரிந்த லாத்தியம் சமவெளியில் துஸ்குலம், பிரைநெஸ்தே, திபூர், அரிசியா, லனுவியம் என்று தனித்தனி ஊர்களாக வாழ்ந்த அந்த மக்கள், ரோமானியர் பேசிய மொழியையே பேசினார்கள். ஆல்பன் மலையில் யூப்பிட்டருக்கு ஆண்டுதோறும் நடந்த விழாவில் ஒரே பலியின் இறைச்சியை ரோமோடு பங்கிட்டு உண்டார்கள். ரெகில்லுஸ் ஏரிக்கரையில் ரோம் அவர்களை வென்றதை எதிரணியினர் பெருமையோடு சொன்னார்கள். வென்றது உண்மைதான். ஆனால் அந்தப் போருக்குப் பிறகு, கி.மு. 493-இல் ரோமானியத் தலைவர் ஸ்பூரியுஸ் காசியுஸ் லத்தீனியரோடு செய்த உடன்படிக்கையில் என்ன எழுதப்பட்டது? வானமும் பூமியும் தம் நிலையில் இருக்கும்வரை இரு தரப்புக்கும் அமைதி நிலவும். ஒருவர் தாக்கப்பட்டால் மற்றவர் முழுப் படையோடு துணை வருவார். சேர்ந்து போரிட்டுப் பெற்ற பொருளில் இருவருக்கும் சமபங்கு. தனிமனிதர்களுக்கிடையே ஒப்பந்த வழக்கு எழுந்தால் பத்து நாளில் தீர்ப்பு. வென்றவன் தோற்றவனோடு சமபங்கு எழுதிக்கொண்ட ஏட்டில் பிச்சை எந்த வரியில் இருக்கிறது என்று நண்பர் காட்டட்டும்.

அந்தச் சமநிலையை ரோம் பிற்காலத்தில் மறந்தது என்பதை நான் மறைக்கவில்லை. ரோமுக்கும் லத்தீனியருக்கும் மீண்டும் போர் மூண்டதே அதனால்தான். கி.மு. 340-இல் லத்தீனியர் சார்பில் செட்டியா நகரத்து லூசியுஸ் அன்னியுஸ் ரோமின் ஆட்சி மன்றமான செனட்டில் எழுந்து நின்று, ஆண்டுதோறும் ரோமை ஆளும் உயர் தலைவர்களான இரண்டு கான்சல்களில் ஒருவர் லத்தீனியராக இருக்க வேண்டும், செனட்டில் பாதி இடம் லத்தீனியருக்கு வேண்டும் என்று கேட்டார். கான்சல் மான்லியுஸ் டொர்குவாத்துஸ், செனட்டில் ஒரு லத்தீனியன் அமர்ந்தால் தன் கையாலேயே அவனை வெட்டுவேன் என்றார். இதோ, எதிரணி போற்றும் வாள் பேசிய இடம் இதுதான். அது பேசியதன் விலை இரண்டு ஆண்டுப் போர். அதே மான்லியுஸ், கட்டளையை மீறித் துஸ்குலத்து வீரன் ஒருவனோடு தனியே பொருதி வென்று வந்த தன் சொந்த மகனைப் படையின் கண்முன்னே தலை வெட்டச் செய்தார். அவருடன் கான்சலாக இருந்த தேசியுஸ், தன் உயிரைத் தெய்வங்களுக்கு நேர்ந்துகொண்டு குதிரையை எதிரிப் படைக்குள் செலுத்தி மடிந்தார்.

கி.மு. 338-இல் போர் முடிந்தது. இனி லத்தீனியரை என்ன செய்வது என்று செனட் கேட்டபோது, வென்று திரும்பிய கான்சல் கமில்லுஸ், கீழ்ப்படிபவர்கள் மகிழ்ந்து கீழ்ப்படியும் ஆட்சியே மிக உறுதியான ஆட்சி என்று சொன்னதாக ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார். வாளேந்தி வென்ற தளபதியின் வாயிலிருந்து வந்த வார்த்தை அது. செனட் ஊருக்கு ஊர் தனித்தனியே முடிவெடுத்தது. லனுவியமும் அரிசியாவும் நோமென்டமும் பெடுமும் ரோமானியக் குடியுரிமை பெற்றன. வெலித்ரேவின் மதில் இடிக்கப்பட்டது. பிரைநெஸ்தேயும் திபூரும் நிலம் இழந்தாலும் தம் ஆட்சியாளர்களையும் தம் படையையும் உடைய தனி ஊர்களாகவே தொடர்ந்தன. ஏனைய ஊர்கள் தமக்குள் மணம் செய்யவும் வணிகம் செய்யவும் கூடிப் பேசவும் தடை வந்தது. அந்தத் தடை கொடியது. அதை நான் நியாயப்படுத்த மாட்டேன்.

இப்போது பிரைநெஸ்தேயை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு என்னோடு வாருங்கள். நிலத்தைப் பறிகொடுத்த ஊர் அது. எதிரணியின் கணக்குப்படி, பழி தீர்க்க ஒரு வாய்ப்புக்காகக் காத்திருக்க வேண்டிய ஊர். அந்த வாய்ப்பு கி.மு. 216-இல் வந்தது. கன்னே போர்க்களத்தில், ரோமின் பகை நாடான கார்த்தேஜின் தளபதி ஹன்னிபால் ரோமின் பெரும்படையை அழித்தார். தென்னித்தாலியில் ஊர் ஊராக அவர் பக்கம் சாய்ந்தன. கப்புவா கதவைத் திறந்துவிட்டது. அந்தக் கப்புவாவுக்கு அருகே, வொல்டுர்னுஸ் ஆற்றங்கரையில் கசிலினம் என்ற சிற்றூரில் பிரைநெஸ்தே வீரர்கள் ஐந்நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். பெரூசியாவிலிருந்து வந்த ஒரு பிரிவும் அவர்களோடு இருந்தது. ஹன்னிபாலே நேரில் வந்து ஊரை வளைத்தார்.

அவர்கள் கதவைத் திறக்கவில்லை. குளிர்காலம் முழுவதும் திறக்கவில்லை. அருகிலிருந்த ரோமானியப் படைக்குப் போரிட அனுமதி இல்லாததால், அந்தப் படையினர் இரவில் தானியத்தைப் பானைகளில் நிரப்பி ஆற்றில் மிதக்கவிட்டார்கள். உள்ளே இருந்தவர்கள் அதைப் பிடித்துப் பங்கிட்டு உண்டார்கள். ஒருநாள் வெள்ளம் சில பானைகளைக் கரையில் ஒதுக்கவே, எதிரிகள் கண்டுகொண்டு ஆற்றைக் காவல் காத்தார்கள். பிறகு கொட்டைகளை நீரில் தூவிவிட, இவர்கள் தட்டி வைத்து அவற்றை அரித்தெடுத்தார்கள். அதுவும் போதாமல் போனது. தோல் வார்களை உண்டார்கள். கேடயத்தின் மேல்தோலை உரித்து வெந்நீரில் ஊறவைத்து மென்றார்கள். எலிகளைப் பிடித்து உண்டார்கள். மதிலடியில் முளைத்த புல்லையும் கிழங்கையும் பிடுங்கித் தின்றார்கள். அந்தப் புல்லும் கிடைக்கக் கூடாது என்று எதிரிகள் மதிலைச் சுற்றி நிலத்தை உழுது போட்டார்கள். அப்போது அந்தப் பட்டினி வீரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா, அவையோரே? உழுத நிலத்தில் டர்னிப் விதையைத் தூவினார்கள்! விதை முளைத்துக் கிழங்காகும்வரை நாங்கள் இங்கேதான் இருப்போம் என்று ஹன்னிபாலுக்குச் செயலால் சொன்னார்கள். இந்தக் கிழங்கு விளையும்வரை நான் கசிலினத்தில் உட்கார்ந்திருக்க வேண்டுமா என்று கூவினாராம் ஹன்னிபால். அதுவரை மீட்புப் பணப் பேச்சுக்கே இணங்காத அந்த மாவீரர், அதன் பிறகுதான் பொன் பெற்றுக்கொண்டு அவர்களை விடுவிக்க ஒப்புக்கொண்டார். ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி வந்தவரை ஒரு பிடி டர்னிப் விதை பேச்சுக்கு இழுத்தது. அந்த விதையைத் தூவியவர்கள் ரோமானியர் அல்லர். ரோமிடம் நிலம் இழந்த லத்தீனியர்.

கதை இன்னும் முடியவில்லை. ஏறக்குறையப் பாதிப் பேர் வாளுக்கும் பசிக்கும் இரையாக, எஞ்சியவர்கள் தம் தலைவர் மார்க்குஸ் அனிசியுஸுடன் ஊர் திரும்பினார்கள். செனட் அவர்களுக்கு இரட்டைச் சம்பளமும் ஐந்து ஆண்டுகள் படைப்பணியிலிருந்து விலக்கும் அளித்து, வீரத்துக்குப் பரிசாக ரோமானியக் குடியுரிமையையும் நீட்டியது. அவர்கள் மறுத்துவிட்டார்கள். பிரைநெஸ்தே மக்களாகவே இருந்துகொள்கிறோம் என்றார்கள். நண்பரே, பிச்சைக்காகக் கையேந்தியவன் தட்டில் விழுந்ததை வேண்டாம் என்று திருப்பித் தருவானா? தன் ஊர், தன் தலைவன், தன் உடன்படிக்கை என்று தலைநிமிர்ந்து நின்றவனால்தான் ரோமின் பரிசையும் மறுக்க முடிந்தது. அதே ரோமுக்காகக் கேடயத் தோலைத் தின்றும் காவல் காக்க முடிந்தது.

துஸ்குலத்தையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். ரோமை எதிர்த்துக் கிளர்ந்தபோது அந்த ஊரின் தலைவராக இருந்த லூசியுஸ் ஃபுல்வியுஸ், ரோமின் பக்கம் வந்த அதே ஆண்டில், கி.மு. 322-இல், ரோமின் கான்சலானார் என்று ரோமானியரே சொல்லி வைத்திருக்கிறார்கள். அன்னியுஸ் கேட்டு மறுக்கப்பட்ட நாற்காலியில், 18 ஆண்டுகளில் ஒரு லத்தீனிய ஊர்க்காரர் அமர்ந்துவிட்டார்.

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர் தம் உரையில் ஹொராத்தியுஸைப் பாடினார். ரோமுக்கும் லத்தீனிய ஊரான ஆல்பா லோங்காவுக்கும் நடந்த போரில் மூவருக்கு மூவர் நின்று, இரண்டு சகோதரர்கள் வீழ்ந்த பின்னும் தனியொருவனாக மூன்று எதிரிகளையும் கொன்ற அந்த வீரன் நகர் திரும்பும் காட்சியோடு அவர் நிறுத்திக்கொண்டார். ரோமானியர் அந்தக் கதையை அங்கே நிறுத்தவில்லை. நகர வாயிலில் அவனுடைய உடன்பிறந்தவள் நின்றாள். அவன் தோளில் கிடந்த மேலாடையைப் பார்த்தாள். அது அவள் தன் கையாலேயே செய்து, தான் மணக்கவிருந்தவனுக்குக் கொடுத்தது. அவன் ஆல்பாவின் மூவரில் ஒருவன். அவள் கூந்தலை அவிழ்த்துக்கொண்டு இறந்தவனின் பெயரைச் சொல்லி அழுதாள். வெற்றி வீரன் அந்த இடத்திலேயே அவளை வாளால் குத்திக் கொன்றான். பின்னர் அவன்மேல் விசாரணை நடந்தது. தந்தை எழுந்து மகனுக்காகக் கெஞ்சினார். மக்கள் அவனை விடுவித்தார்கள். இறந்த பெண்ணுக்காக அங்கே ஒருவரும் பேசவில்லை.

நான் பேசுகிறேன். ரோமானியனும் லத்தீனியப் பெண்ணும், லத்தீனியனும் ரோமானியப் பெண்ணும் சட்டம் ஏற்க மணந்துகொண்டு, பிறந்த பிள்ளையை வெட்கமின்றித் தூக்கிக் கொஞ்சும் உரிமையைப் பிற்காலத் தலைமுறைகள் பெற்றனவே, அதைத்தான் நண்பர் பிச்சை என்றார். அந்த உரிமைக்குள் வாழ்ந்த எத்தனையோ பெண்கள் நெய்த மேலாடைகள் உரியவர்களின் தோளில் உயிரோடு கிடந்திருக்கும். அவளுக்கு அது கிடைக்கவில்லை. கிடைத்தவர்கள் சார்பாகவும் கிடைக்காத அவள் சார்பாகவும் உங்கள் தீர்ப்பைக் கேட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.