வேன் கீழே, மாவு எம்ஆர்டியில்

வணக்கம் மக்களே. பின்னால் தெரிவது சிங்கப்பூர் ஈசூன் எம்ஆர்டி ரயில் நிலையம். பக்கத்தில் டிராலி, அதில் 20 கிலோ இட்லி மாவு. வேன் எங்கே என்று நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். வேன் எங்கள் புளோக் கார்பார்க்கில் சும்மா நிற்கிறது. ஓட்ட வேண்டியவனின் லைசென்ஸ்தான் 12 வாரத்துக்கு முடங்கிவிட்டது.

குடித்துவிட்டு ஓட்டினேன் என்று நினைத்துவிடாதீர்கள். என் மாமியார் ஏற்கெனவே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார். இரண்டே தப்பு. முதலில் ஒரு சிவப்பு விளக்கு. மஞ்சள்தானே என்று அழுத்தினேன், கேமரா அப்படி நினைக்கவில்லை. 400 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், அபராதம், கூடவே 12 தண்டனைப் பாயிண்ட். இங்கே 24 மாதத்துக்குள் 24 பாயிண்ட் சேர்ந்தால் லைசென்ஸ் முடக்கம். ஆனால் தொடர்ந்து 12 மாதம் எந்தத் தப்பும் செய்யாமல் இருந்தால் பழைய பாயிண்ட் எல்லாம் அழிந்துவிடும். நானும் நல்ல பிள்ளையாக 11 மாதம் ஓட்டினேன்.

அப்புறம் தேக்கா, அதாவது லிட்டில் இந்தியா பக்கம் ஒரு நாள். வேன் ஊர்ந்துகொண்டிருந்தது. எந்தக் கடைக்கு எத்தனை பாக்கெட் என்று பார்க்கப் போனைக் கையில் எடுத்தேன். கண்ணாடியில் டொக் டொக். திரும்பினால் கறுப்புக் கையுறை, மோட்டார் சைக்கிளில் டிராஃபிக் போலீஸ். இன்னொரு 400 வெள்ளி, இன்னொரு 12 பாயிண்ட். கூட்டிப் பாருங்கள். இன்னும் மூன்று வாரம் போயிருந்தால் முதல் 12 அழிந்திருக்கும்.

என்னை உண்மையில் குடைவது அது இல்லை. 12 பாயிண்ட் ஆனபோதே வீட்டுக்கு ஒரு கடிதம் வந்தது. பாதுகாப்பாக ஓட்டும் பயிற்சிக்குப் போய் முடித்தால் 3 பாயிண்ட் கழியும் என்று. ஒரு நாள் வியாபாரம் போகுமே, அதுக்கு வேறு காசு கட்டணுமா என்று ஓரமாக வைத்துவிட்டேன். போன வாரம் வீட்டுக்காரி அந்த உறையைத் தேடி எடுத்தார். அதன் பின்பக்கத்தில் என் கையெழுத்திலேயே ‘உளுந்து 10 கிலோ, வெந்தயம்’. போயிருந்தால் 21 தான், இப்போது வேனில் உட்கார்ந்து உங்களிடம் பேசிக்கொண்டிருப்பேன். சரி, வேனை நிறுத்திவிட்டுத்தான் பேசியிருப்பேன்.

ரகசியமாக ஓட்டு, யார் பார்க்கப்போகிறார்கள் என்று ஒருவர் அறிவுரை சொன்னார். அண்ணே, முடக்கத்தில் ஓட்டிப் பிடிபட்டால் 10,000 வெள்ளி வரை அபராதம், 3 வருஷம் வரை சிறை, வண்டியும் பறிபோகலாம். அது என் மாவு வேன். வேண்டாம்.

லைசென்ஸ் எடுத்து ஒரு வருஷம்கூட ஆகாத தம்பி தங்கைகளுக்கு 24 வரை இடம் கிடையாது. 13 வந்தாலே லைசென்ஸ் ரத்து, திரும்ப முதலிலிருந்து. எனக்கும் இனி அந்தச் சலுகை இல்லை, முடக்கம் முடிந்து ஒரு வருஷத்துக்குள் 12 சேர்ந்தால் அடுத்தது 24 வாரம்.

இந்தத் தடவை மறுபயிற்சி வகுப்புக்குப் பணம் கட்டிவிட்டேன். முடித்தால் 30 நாள் குறையும், 84 நாள் 54 ஆகும். வகுப்பு வியாழக்கிழமை. முடக்கம் முடியும்வரை நியூட்டனில் மாறி லிட்டில் இந்தியாவுக்கு ரயில்தான்.

ஐயோ, மாவு பொங்குகிறது, மூடி தூக்கிவிட்டது பாருங்கள். ரயிலும் வந்துவிட்டது. போனை வைக்கிறேன்.