பழி பல்பு மேல்

நேயர்களுக்கு வணக்கம். சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஆட்டோ எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கிறேன். காரின் பின்விளக்கைப் பற்றிப் பேச முடியுமா என்று நிலையத்தில் கேட்டபோது, அதில் பேச என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தேன். பிறகு போன கார்த்திகையில் கடைக்கு வந்த ஒரு வண்டி ஞாபகத்துக்கு வந்தது.

ஏற்காட்டுக் காபி எஸ்டேட் வண்டி. ஓட்டி வந்த தம்பி இறங்கும்போதே ஒரு கேரி பேக்கை நீட்டினார். உள்ளே நாலு பல்பு. "அண்ணா, பின்னாடி வலது பக்கம் எரிய மாட்டேங்குது. ரெண்டு தடவை மாத்திப் பாத்துட்டேன். இதுல எது நல்லதோ போட்டு விடுங்க, இருட்டறதுக்குள்ள மலை ஏறணும்."

"எரியவே இல்லையா, மங்கலா எரியுதா தம்பி?"

"மங்கலாத்தான் எரியுது. பிரேக் மிதிச்சா அதுவும் அணைஞ்சிடுதுண்ணா."

அந்த ஒரு பேச்சு போதும். பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டுப் பின்னால் போய் நின்றேன். பிரேக் விளக்கு எரிய வேண்டிய இடம் இருண்டு கிடக்க, யாரும் போடாத இண்டிகேட்டர் அதே பக்கத்தில் சோகையாக மினுங்கியது. பல்பு போனால் பேசாமல் போய்விடும். இப்படிக் கூத்துக் கட்டாது. இது எர்த் கோளாறு.

பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்துதான் விளக்குக்கு வயர் வரும். கரண்ட் திரும்பிப் போவது வண்டியின் தகரம் வழியாக. அதைத்தான் எர்த் என்கிறோம். பழைய மாதிரி வண்டிகளில் பின்விளக்கும் பிரேக் விளக்கும் ஒரே பல்புக்குள் இருக்கும்: பின்விளக்குக்கு 5 வாட் இழை ஒன்று, பிரேக்குக்கு 21 வாட் இழை ஒன்று, இரண்டுக்கும் எர்த் ஒன்று. அது அறுந்தால் கரண்ட் சும்மா இருக்காது, சந்து பொந்தில் வழி தேடும். 5 வாட் இழையில் வந்தது 21 வாட் இழை வழியாக ஓடி, இடது பக்கத்து பிரேக் பல்பில் போய் எர்த் தேடிக்கொள்ளும். அதனால்தான் மங்கல். பிரேக் மிதித்தால் அந்த வழியும் அடைபட்டு, இண்டிகேட்டர் வழியாக ஒழுகும்.

சோதித்துப் பார்க்க ஒரு முழம் வயர் போதும். ஒரு முனையை ஹோல்டரின் எர்த் பின்னில் வைத்து, மறு முனையைப் பெயிண்ட் இல்லாத ஒரு போல்ட்டில் அழுத்தினேன். பளிச்சென்று எரிந்தது. தம்பி கொண்டு வந்த பல்பு இல்லை, வண்டியில் இருந்த அதே பல்பு.

டிக்கி விரிப்பைத் தூக்கி எர்த் வயரைத் தொடர்ந்து போனால், அது மாட்டியிருந்த போல்ட்டுக்கு அடியில் வண்டி நிறத்திலேயே அழகாகப் பெயிண்ட். "பின்னாடி எங்கயாவது இடிச்சீங்களா?" என்றேன். ஆடி மாதம் டிங்கர் வேலை பார்த்ததாம். பெயிண்டர் குறை வைக்காமல் அடித்திருக்கிறார், எர்த் முனையையும் விடவில்லை. உப்புத்தாளால் தேய்த்துத் தகரத்தை வெளுப்பாக்கி, போல்ட்டை இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவினேன். ஹோல்டரிலும் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது. மலை ஈரம் அப்படி.

உங்கள் வண்டியில் இரண்டு பக்கமும் பிரேக் விளக்கு இல்லை, பின்விளக்கு மட்டும் நன்றாக எரிகிறதா? பின்னால் போகவே வேண்டாம், பியூஸையும் பெடலுக்கு மேலே உள்ள பிரேக் சுவிட்சையும் பாருங்கள். பியூஸ் திரும்பத் திரும்பப் போனால் எங்கோ வயர் உராய்கிறது. 10 ஆம்பியர் இருந்த இடத்தில் 20 போடுவது, சிகரெட் தாளைச் சுற்றுவது எல்லாம் வண்டிக்குக் கொள்ளி வைக்கிற வேலை.

வோல்ட் பார்க்கிற மீட்டரை ரொம்ப நம்பாதீர்கள் என்றும் சொல்வேன். டிக்கிக் கதவைத் திறந்து மூடி, ரப்பர் குழாய்க்குள் வயர் ஒவ்வொரு இழையாக அறுந்திருக்கும். ஒரே ஒரு இழை மிச்சம் இருந்தாலும் மீட்டர் 12 வோல்ட் என்று சத்தியம் பண்ணும். 21 வாட் பல்புக்கு ஒண்ணேமுக்கால் ஆம்பியர் வேண்டும்; அந்த ஒற்றை இழை தாங்குமா? பல்பு கட்டிய டெஸ்ட் லேம்ப்பை வைத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

ஏற்காட்டிலிருந்து அடிவாரம் இறங்கும்போது 20 கொண்டை ஊசி வளைவுகள். விவரம் தெரிந்த டிரைவர் பிரேக்கிலேயே காலை வைத்திருக்க மாட்டார், இரண்டாம் கியரில் இன்ஜின் பிடியிலேயே இறக்குவார். அப்போது வேகம் குறையும், ஆனால் பிரேக் விளக்கு எரியாது. மூடுபனிக்குள் பின்னால் வருகிறவருக்குத் தெரிவது அந்த 5 வாட் சிவப்பு மட்டும்தான். ஒரு பக்கம் அதுவும் இல்லையென்றால், முன்னால் போவது காரா பைக்கா என்றே அவருக்குப் புரியாது.

துணைக்கு ஆள் இல்லாவிட்டால் ராத்திரி ஒரு வெள்ளைச் சுவரை ஒட்டி வண்டியைப் பின்னால் விட்டு பிரேக்கை மிதித்து, கண்ணாடியில் பாருங்கள். சுவரில் இரண்டு சிவப்பும் ஒரே அளவில் விழ வேண்டும். தம்பியையும் எதிர்க் குடோன் சுவரில் அப்படிப் பார்க்க வைத்துத்தான் அனுப்பினேன்.

கிளம்பும்போது அந்தக் கேரி பேக்கைப் பார்த்து, "இந்த நாலையும் கடைக்காரர் திரும்ப எடுத்துக்குவாராண்ணா?" என்றார்.

நான் பதில் சொல்லவில்லை. 'எலக்ட்ரிக் சாமான்கள் திரும்ப எடுக்கப்பட மாட்டாது' என்ற போர்டு என் தலைக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருந்தது.