பெட்டிக்குள் வண்டு

நேயர்களுக்கு வணக்கம்.

"அண்ணே, பையனோட கம்ப்யூட்டருக்குள்ள வண்டு பூந்த மாதிரி கத்துது. கடையில காட்டுனோம். எல்லாம் போச்சு, புதுசா வாங்குங்கன்னு சொல்லிட்டாங்க. நீங்க ஒரு தடவ வந்து பாருங்கண்ணே."

எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், மூன்று வீடு தள்ளி இருக்கும் தங்கச்சி ஒருவர் இப்படி வந்து நின்றார். செம்பனைத் தோட்டத்து நர்சரியில் வேலை செய்கிறவர். பையனுக்கு அந்த வருடம் எஸ்பிஎம் தேர்வு. சீட்டுப் பணத்தில் வாங்கிய பழைய கணினி அது. புதிதாக வாங்குங்கள் என்று ஒருவர் வாயால் சொல்வது எளிது. அந்தப் பணம் அந்த வீட்டில் எத்தனை மாதத்துச் சாமான் என்பது எனக்குத் தெரியும்.

எங்கள் ஊர் மலேசியாவின் சிலாங்கூரில் இருக்கும் பெஸ்தாரி ஜெயா. 2007 வரை பத்தாங் பெர்ஜுந்தை. என் வயதுக்காரர்கள் இன்றும் பெர்ஜுந்தை என்றுதான் சொல்கிறோம். இங்கே செம்பனை ஆலையில் சார்ஜ்மேனாக, அதாவது மின்சாரப் பொறுப்பாளனாக, இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஆலையில் ஒரு மோட்டாரைத் திறப்பதற்கு முன் காதால்தான் பார்ப்போம். ஸ்குரூ டிரைவரின் முனையை மோட்டார் உறையில் வைத்துப் பிடியைக் காதோடு ஒட்டினால், பேரிங் வழுக்கிக்கொண்டு ஓடுகிறதா, மணலை அரைக்கிறதா என்று தெரிந்துவிடும். அன்று அந்த வீட்டிலும் காதைத்தான் நம்பினேன். ஆனால் வீட்டில் இரும்பு வேண்டாம். நாளிதழைக் குழாயாகச் சுருட்டி, ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையைப் பெட்டியைச் சுற்றி மெதுவாக நகர்த்துங்கள். சத்தம் எங்கே கூடுகிறது என்று அந்தக் காகிதக் குழாய் காட்டிக் கொடுக்கும்.

அதற்கும் முன்னால் ஒரு சோதனை. கணினியை வழக்கம்போல் அணைத்துவிட்டு, அது நிற்கிற அந்த நொடியைக் கவனமாகக் கேளுங்கள். சத்தம் சுழன்று சுழன்று இறங்கி ஓய்ந்தால் அது காற்றாடி. கத்தியால் வெட்டியது போல் பட்டென்று நின்றால் அது மின்சாரம் எழுப்பும் சத்தம். இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு.

அந்த வீட்டில் இரண்டும் நடக்கவில்லை. கணினி நின்றது, சத்தம் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை.   காகிதக் குழாயை இறக்கிக்கொண்டே போனால், பெட்டிக்குப் பின்னால் மேசைக் காலோடு சேர்த்துக் கட்டியிருந்த எக்ஸ்டென்ஷனில் போய் நின்றது. அதே எக்ஸ்டென்ஷனில் ஒரு மேசைக் காற்றாடி ஓடிக்கொண்டிருந்தது. சுவர் சுவிட்சை அணைத்துவிட்டுப் பிளக்குகளைக் கழற்றினேன். கணினி பிளக்கின் ஒரு பின் பழுப்பேறிக் கிடந்தது. அது செருகியிருந்த துளையின் ஓரத்தில் பிளாஸ்டிக் இளகி உறைந்த அடையாளம். தொட்டால் இன்னும் சூடு.

காரணம் நம் எல்லார் வீட்டிலும் நடப்பதுதான். இரண்டு பின் சார்ஜர் நம் மூன்று துளை சாக்கெட்டில் நேராகப் போகாது. மேல் துளையில் பேனாவைவிட்டு மூடியைத் திறந்து, கீழே அமுக்கிச் செருகுவோம். அந்த மேல் துளை எர்த். எர்த் பின் முதலில் போனால்தான் மற்ற இரண்டு துளைகளும் திறக்க வேண்டும் என்று பாதுகாப்புக்காக வைத்த ஏற்பாடு அது. பேனாவால் திறந்து, மெல்லிய உருண்டைப் பின்னைக் கோணலாகத் திணித்துத் திணித்து, உள்ளே இருக்கும் பித்தளைத் தகடு விரிந்துபோகிறது. பிறகு சரியான பிளக்கைச் செருகினாலும் பிடிப்பு இருக்காது. பிடிப்பு இல்லாத இடத்தில் மின்சாரம் பொறிபொறியாகத் தாவும். அந்தத் தாவல்தான் அந்த வண்டு. இதில் இன்னொரு அபாயம் உண்டு. மின்சாரம் வெளியே கசியவில்லை என்பதால் வீட்டு மெயின் போர்டில் இருக்கும் டிரிப் சுவிட்ச் விழாது. இடம் சூடேறிக்கொண்டே இருக்கும், நமக்கு யாரும் சொல்லமாட்டார்கள்.

ஆக, பெட்டிக்குள் மின்சாரத்தை மாற்றித் தரும் பாகமான பவர் சப்ளை மீது பழி போடுவதற்கு முன், எக்ஸ்டென்ஷன், மின்சாரம் போனால் பேட்டரியில் ஓடவைக்கும் யூபிஎஸ் எதுவும் இல்லாமல், கணினியை நல்ல சுவர் சாக்கெட் ஒன்றில் நேராகச் செருகிப் பாருங்கள். சத்தம் போய்விட்டால் பெட்டியைத் தொடவே வேண்டாம். குறைந்த விலை யூபிஎஸ் பல, பேட்டரியில் ஓடும்போது, அலைபோல் இல்லாமல் படிக்கட்டு போல் ஏறி இறங்கும் மின்சாரத்தைத் தருகின்றன. இன்றைய பவர் சப்ளைகள் சிலவற்றுக்கு அது ஒத்துக்கொள்ளாமல் முனகும்.

சரி, சத்தம் உண்மையிலேயே பவர் சப்ளைக்குள் இருந்து வந்தால்?

நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். 2008-க்கு முன் 240 என்பது கணக்கு. 50 ஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் போய்வருகிறது. போகும்போது ஒரு உச்சம், வரும்போது ஒரு உச்சம், ஆக 100. ஒவ்வொரு உச்சத்திலும் காந்தம் ஏறிய இரும்பு, கண்ணுக்குத் தெரியாத அளவு நீண்டு சுருங்கும். தாமான் முனையில் இருக்கும் துணை மின்நிலையத்தின் பக்கமாக நடந்தால் கேட்குமே, பழைய குழல் விளக்கின் சோக்கில் கேட்குமே, அந்த ரீங்காரம் இதுதான். பழைய பவர் சப்ளை சிலவற்றில் கனமான இரும்புச் சோக் ஒன்று உண்டு. அது சன்னமாக இரைவது அதன் இயல்பு. திடீரென்று உரக்க இரைந்தால் முதலில் பெட்டியின் பின்பக்கத்தில் பவர் சப்ளையைப் பிடித்திருக்கும் நான்கு திருகாணிகளைப் பாருங்கள். ஒன்று தளர்ந்தாலே முழுத் தகடும் சேர்ந்து அதிரும். பிளக்கைக் கழற்றிவிட்டு இறுக்குங்கள். ஐந்து நிமிட வேலை.

புதிய வகை வேறு மாதிரி. சுவரிலிருந்து வரும் மின்சாரத்தை நேர்மின்சாரமாக்கி, 380, 400 வோல்ட் வரை உயர்த்தி, ஒரு பெரிய கெபாசிட்டரில் சேர்த்துவைக்கும். பிறகு அதை நொடிக்குப் பல்லாயிரம் தடவை துண்டு துண்டாக வெட்டி, 12, 5, 3.3 வோல்ட்டாக இறக்கித் தரும். அந்த வேகம் நம் காதுக்கு எட்டாது. மனிதக் காதின் எல்லை நொடிக்கு 20,000 அதிர்வு. ஆனால் சுமை மாறும்போது வெட்டும் தாளம் சில நேரம் காதுக்கு எட்டும் அளவுக்கு இறங்கும். அப்போது கம்பிச் சுருள் சன்னமாகக் கீச்சிடும். பையன் விளையாட்டைத் திறந்தால் கீச்சு, மூடினால் அமைதி என்றால் இதுதான். கிராஃபிக்ஸ் அட்டையிலும் இதே கீச்சு வரும், குழாய் வைத்துக் கேட்டால் எது என்று தெரியும். காதுக்குத் தொந்தரவு, பெட்டிக்கு ஆபத்தில்லை. இதற்காகக் காசைக் கொட்டாதீர்கள்.

காற்றாடிச் சத்தத்தை எளிதில் பிடிக்கலாம். காலையில் போட்டதும் கரகரவென்று அரைத்து, பத்து நிமிடம் சூடேறியதும் அடங்கினால் பேரிங்கில் எண்ணெய் வற்றிவிட்டது. தூசு அடைத்தாலும் காற்றாடி வேகமெடுத்துக் கத்தும். பிளக்கைக் கழற்றி, வெளியிலிருந்தே ஊதித் தூரிகையால் தட்டி எடுங்கள். சமையலறைக்குப் பக்கத்தில் வைத்த கணினியில் தூசும் எண்ணெயும் சேர்ந்து பிசினாக ஒட்டியிருக்கும். நம் வீடுகளில் மதிய நேரத்துச் சூடு சொல்லவே வேண்டாம். கெபாசிட்டரின் சூடு 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும். பெட்டியைச் சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி வையுங்கள்.

இன்னொரு புகார்: "ஸ்பீக்கர்ல ங்ங்ங்னு வருது, பெட்டியத் தொட்டா சுள்ளுங்குது." இரண்டும் ஒரே நோய். எர்த் இல்லை. பவர் சப்ளையின் வாசலில் இருக்கும் வடிகட்டி, தேவையற்ற அலைகளை எர்த்துக்குத் தள்ளும். எர்த்துக்குப் போக வழியில்லை என்றால், பெட்டியின் தகட்டிலேயே கிட்டத்தட்ட பாதி வோல்ட், 115 போல நின்றுவிடும். ஆளைக் கொல்லாது, ஆனால் உள்ளே இன்னொரு பழுது சேர்ந்தால் காப்பாற்றவும் ஆளில்லை. எர்த் பின்னை வெட்டிய பிளக், இரண்டு பின் அடாப்டர், இவற்றைத் தூக்கிப் போடுங்கள். பழைய வீடாக இருந்தால் உரிமம் உள்ள ஒயர்மேனை அழைத்து எர்த்தை அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

படபடவென்று பொரிகிற சத்தம், மீன் கருகுவது போன்ற வாடை, இந்த இரண்டில் ஒன்று வந்தாலும் காரணம் தேடிக்கொண்டு நிற்காதீர்கள். சுவர் சுவிட்சை அணையுங்கள். சுவிட்சுக்குப் பக்கத்திலேயே புகை என்றால் மெயினை இறக்குங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள்.

இதை உங்கள் வீட்டு மனிதனாகச் சொல்கிறேன்: பவர் சப்ளையின் மூடியைத் திறக்காதீர்கள். பிளக்கைக் கழற்றிய பிறகும் அந்தப் பெரிய கெபாசிட்டரில் 300, 400 வோல்ட் தங்கியிருக்கலாம். சார்ஜ்மேனாக இருந்த நானே என் வீட்டில் அதைத் திறப்பதில்லை, முழுசாக மாற்றிவிடுவேன். பழைய பெட்டிகளின் பின்னால் 115, 230 என்று எழுதிய சிவப்புச் சுவிட்ச் இருந்தால் அது 230-லேயே இருக்கட்டும். குழந்தைகள் விளையாட்டாகத் தள்ளிவிட்டால், போட்ட நொடியே வெடித்துப்போகும்.

மாற்றுவது என்று முடிவானால், கையில் தூக்கினால் காற்றைப் போல இருக்கும் பெயரில்லாத பவர் சப்ளையை விலை பார்த்து வாங்காதீர்கள். மிச்சமாகும் நூறு வெள்ளிக்கு, பையனின் பாடம் எல்லாம் இருக்கும் வட்டையும் சேர்த்துப் பலி கொடுக்க நேரலாம்.

அந்தத் தங்கச்சி வீட்டுக்கு வருகிறேன். சிரிம் தர முத்திரை உள்ள எக்ஸ்டென்ஷன் ஒன்று வாங்கினோம். கருகிய பிளக் இருந்த கணினி வயரையும் மாற்றினோம். மேசைக் காற்றாடியை வேறு சாக்கெட்டுக்கு மாற்றினேன். கணினியைப் போட்டதும் பையன் பெட்டியோடு காதை ஒட்டிக் கேட்டான். "காத்தாடி சத்தம் மட்டும்தான் மாமா கேக்குது" என்றான். பழைய எக்ஸ்டென்ஷனின் வயரை மூன்று இடத்தில் வெட்டித்தான் குப்பையில் போட்டேன். முழுசாகப் போட்டால் யாராவது எடுத்துப்போய் மறுபடி செருகுவார்கள்.

நன்றி, வணக்கம்.