ராஜா பேரே இல்லாத ராஜா கோப்பை: நேயர் கேள்விக்குப் பதில்

அடுத்த கேள்விங்க. ஒரு நேயர் கேட்டிருக்காங்க: "இங்கிலாந்துல 18-ஆம் நூற்றாண்டு ஒயின் கோப்பை ஒண்ணு விலைக்கு வருது. ராஜா நினைவாச் செஞ்சதுன்னு சொல்றாங்க. ஆனா அதுல ராஜா பேரும் இல்ல, படமும் இல்ல. ஒரு ரோஜாவும் ரெண்டு மொட்டும்தான் செதுக்கியிருக்கு. நம்பி வாங்கலாமா?"

பேர் இல்லங்கறதுக்காகச் சந்தேகப்பட வேண்டாம். 1688-ல இரண்டாம் ஜேம்ஸ் ராஜா நாட்டை விட்டே ஓட வேண்டியதாப் போச்சு. அவரோட மகன், பேரன்தான் உண்மையான வாரிசுன்னு நம்பினவங்கதான் ஜேக்கபைட்டுகள். அதை வெளியில சொன்னா ராஜத்துரோகம். அதனால கதவைச் சாத்திக்கிட்டு, கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ராஜாவுக்காகக் குடிச்சாங்க. கோப்பையிலயும் சங்கேதம்தான். ரோஜா கிரீடத்தைக் குறிக்குது, மொட்டுகள் வாரிசுகள்னு பொதுவாச் சொல்லுவாங்க. சிலதுல ஓக் இலை இருக்கும். 1651-ல போர்ல தோத்துப்போன இரண்டாம் சார்லஸ், அதாவது இரண்டாம் ஜேம்ஸோட அண்ணன், ஒரு ஓக் மரத்துல ஒளிஞ்சுதானே உயிர் தப்பினார்!

எனக்கு ரொம்பப் பிடிச்சது 'ஆமென்' கோப்பைகள். வைர முனையால கையாலயே கீறினது. மேல கிரீடம், கீழ பின்னிப் பிணைஞ்ச எழுத்துகள். உத்துப் பார்த்தா அந்தப் பின்னலுக்குள்ள ஒரு 8 தெரியும். ஓடிப்போன ராஜாவோட மகனும் ஒரு ஜேம்ஸ்தான்; ஜேக்கபைட்டுகளுக்கு அவர் இங்கிலாந்துக்கு மூன்றாம் ஜேம்ஸ், ஸ்காட்லாந்துக்கு எட்டாம் ஜேம்ஸ். சுத்தி வாழ்த்துப் பாட்டு, முடிவுல ஆமென். இது ரொம்ப அபூர்வம்.

இப்ப உங்க கோப்பைக்கு வருவோம். கண்ணாடிக்கு ஒரு வயசு, செதுக்கலுக்கு ஒரு வயசு. இதை மறந்துடாதீங்க. அந்தக் காலத்து வெறும் கோப்பைகள் இன்னிக்கும் நிறையவே கிடைக்குது. ரோஜா இருந்தா விலை பல மடங்கு. அதனால நிஜமான பழைய கோப்பையில பின்னாடி வந்தவங்க ரோஜாவைச் செதுக்கி வித்திருக்காங்க. கோப்பையைத் திருப்பிப் பாருங்க. அடியில நடுவுல, செய்யும்போது பிடிச்சிருந்த இரும்புக் கம்பியிலிருந்து உடைச்செடுத்த தழும்பு இருக்கணும். பாதத்தோட விளிம்புல கீறல்கள் நாலா பக்கமும் தாறுமாறா ஓடணும். ஒரே திசையில ஓடினா யாரோ தேய்ச்சிருக்காங்க. ஆனா இதெல்லாம் சரியா இருந்தாலும் கண்ணாடி பழசுன்னு மட்டும்தான் ஆகும்.

செதுக்கலைத் தனியா லென்ஸ் வெச்சுப் பாருங்க. முடிஞ்சா லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்துல இருக்கிற ஜேக்கபைட் கோப்பைகளை நேர்ல பார்த்துட்டு ஒப்பிடுங்க. விக்கிறவர்கிட்ட "செதுக்கலும் அதே காலம்தான்"னு எழுத்துல கேளுங்க. தர மறுத்தா, வெறும் கோப்பை விலைக்கு மேல ஒரு பவுண்டுகூடக் கொடுக்காதீங்க.