36 ட்ரிபிள்: 1912-இன் கணக்கு

அவையோர்க்கு வணக்கம்.

பேஸ்பாலில் பந்தைச் சுவர் தாண்டி அடிக்கும் ஹோம் ரன் மன்னர்களின் பெயரைச் சொல்லப் பலர் உண்டு. ட்ரிபிளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஒரே பருவத்தில் அதிக ட்ரிபிள் அடித்தவர் ஓவன் வில்சன். பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி, 1912, மொத்தம் 36. அதே ஆண்டு இன்னொரு பெரிய லீகான அமெரிக்கன் லீகில் முதலிடம் பிடித்த ஜோ ஜாக்சனுக்கே 26தான். நூறாண்டு கடந்தும் அந்த 36 அசையவில்லை.

ட்ரிபிள் என்றால், அடித்தவர் ஒரே அடியில் மூன்றாம் பேஸ் வரை ஓடிச் சேர்வது. ஓடுபவர் வரிசையாக மிதித்துச் செல்ல வேண்டிய இடங்களே பேஸ்கள். கிரிக்கெட்டில் ஓடி எடுக்கும் மூன்று ரன்னைவிட இது கடினம். பேஸுக்குப் பேஸ் 90 அடி, மூன்றுக்கு 270 அடி. அதுவும் நேர்கோட்டில் இல்லை, வளைந்து ஓட வேண்டும்.

அந்த வளைவில்தான் சூட்சுமம். முதல் பேஸுக்குச் சில அடி முன்பே சற்று வெளியே விலகி, உடலை உள்பக்கம் சாய்த்து, பேஸின் உள்மூலையை மிதித்துத் திரும்ப வேண்டும். விலகாமல் போனால் பேஸைத் தாண்டியபின் வலதுபுற மைதானத்துக்குள் அகலமாகச் சுற்ற நேரிடும். அங்கே இழக்கும் இரண்டு மூன்று எட்டுகளே மூன்றாம் பேஸில் உயிரை வாங்கும். பந்தைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பவருக்கும் வேகம் குறையும். இரண்டாம் பேஸை நெருங்கும்போது மூன்றாம் பேஸ் பயிற்சியாளரின் கையைப் பார்த்தாலே போதும். அவசரத்தில் முதல் பேஸை மிதிக்காமல் போய், எதிரணி முறையிட்டால் அவுட். ட்ரிபிள் மட்டுமல்ல, ஹிட் (பேஸைச் சேர்த்த அடி) என்றுகூடக் கணக்கில் வராது. மூன்றாம் பேஸைச் சறுக்கித் தாண்டிப்போய், திரும்புவதற்குள் பந்தால் தொடப்பட்டாலும் அவுட்தான், ஏட்டில் டபிள், அதாவது இரண்டு பேஸ் அடி என்று மட்டுமே எழுதுவார்கள்.

பந்து எங்கே விழ வேண்டும்? வலதுபுறக் கோட்டோரமும், வலதுக்கும் மையத்துக்கும் இடைப்பட்ட வெளியும்தான் நல்ல இடங்கள். மூன்றாம் பேஸுக்கு அங்கிருந்துதான் எறிதூரம் மிக அதிகம், இடையில் ஒருவர் பந்தை வாங்கி எறிந்தாக வேண்டும். வில்சனும் ஜாக்சனும் இடக்கை மட்டையாளர்கள். அந்தப் பக்கம் இழுத்து அடிப்பது அவர்களுக்கு இயல்பு, முதல் பேஸுக்கும் ஓரிரு எட்டு அருகில் நிற்பார்கள்.

இனி மைதானம். பைரேட்ஸின் ஃபோர்ப்ஸ் ஃபீல்டில் வலதுகோட்டுச் சுவர் 376 அடி. மையத்துக்கு இடப்புற மூலையோ 460 அடிக்கும் மேல். அந்நாளைய மந்தமான பந்து சுவரைத் தாண்டுவது அரிது. பீல்டர்கள் முன்னால் நிற்பார்கள், அவர்களைக் கடந்துவிட்டால் பந்து உருண்டுகொண்டே போகும். வில்சனின் 36-இல் 24 அங்கே அடித்தவை.

ஆனால் மைதானமே எல்லாம் என்று சொல்லிவிட முடியாது. முந்தைய ஆண்டும் அடுத்த ஆண்டும் அதே மைதானத்தில்தான் ஆடினார், 15-ஐத் தொடவில்லை. பந்து விழுந்த இடங்களின் அதிர்ஷ்டமும் அந்த ஒரு பருவத்தில் அவர் பக்கம் இருந்தது என்றே நான் கொள்கிறேன்.

இன்று சுவர்கள் அருகே வந்துவிட்டன, 20 தொடுவதே அபூர்வம். 2007-இல் டெட்ராய்ட்டின் கர்டிஸ் கிராண்டர்சன் 23 அடித்தார். சொந்த மைதானத்தின் மையச்சுவர் 420 அடியில் இருந்தது அவருக்குக் கைகொடுத்தது. அதே ஆண்டு பிலடெல்பியாவின் ஜிம்மி ராலின்ஸ் 19-இல் நின்றிருந்தார். பருவத்தின் கடைசி நாளில் அடித்தார் இருபதாவதை.