கதவு திறந்து கிடந்த கிடங்குகள்

நண்பர்களே, வணக்கம்.

ஒரு நாட்டுக்குள் அந்நியப் படை நுழைகிறது. உள்ளூர் ராணுவத்தினர் சீருடையைக் கழற்றிப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள், தலைநகரில் அதிபரின் சிலையைச் சாய்க்கிறார்கள், உலகமே அதைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருக்கிறது. அதே நாளில், நகரத்துக்கு வெளியே ஒரு ஆயுதக் கிடங்கின் வாசலில் நின்றிருந்த காவலாளியும் வீட்டுக்குப் போய்விட்டான். அந்தக் கதவுக்குப் பின்னால் இருப்பதற்கு இனிமேல் யார் பொறுப்பு? இந்த ஒரு கேள்வியைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன். 2003-ல் அமெரிக்கா படையெடுத்தபோது இராக்கில் நடந்ததை வைத்துப் பேசுகிறேன், ஏனென்றால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை அந்த நாட்டு மக்கள் தங்கள் உயிரைக் கொடுத்து உலகத்துக்குக் காட்டியிருக்கிறார்கள்.

பாக்தாத்துக்குத் தெற்கே சுமார் 50 கிலோமீட்டரில் அல் ககா என்று ஒரு இடம். சதாம் உசேன் காலத்தில் வெடிமருந்து தயாரித்து, சேமித்து வைத்த பெரிய வளாகம் அது. அங்கே எச்.எம்.எக்ஸ். என்ற வெடிமருந்து 190 டன்னுக்கு மேல் இருந்தது. அணுகுண்டை வெடிக்க வைக்கவும் அது பயன்படும் என்பதால் சர்வதேச அணுசக்தி முகமை அதை வைத்திருந்த பங்கர்களின், அதாவது கெட்டியான கிடங்குகளின், கதவுகளுக்கு சீல் வைத்துக் கண்காணித்து வந்தது. 2003 மார்ச்சில் போர் தொடங்குவதற்குச் சில நாள் முன்னால் ஆய்வாளர்கள் இராக்கை விட்டு வெளியேறினார்கள். அதோடு கண்காணிப்பு முடிந்தது.

2004 அக்டோபரில் இராக்கின் இடைக்கால அரசு அந்த முகமைக்கு ஒரு கடிதம் எழுதியது. எச்.எம்.எக்ஸ்., ஆர்.டி.எக்ஸ்., பி.இ.டி.என். என்று மூன்று வகை வெடிமருந்துகள், மொத்தம் 340 டன்னுக்கு மேல், 2003 ஏப்ரல் 9-க்குப் பிறகு திருட்டிலும் கொள்ளையிலும் போய்விட்டன, அரசு இடங்களுக்குப் பாதுகாப்பு இல்லாததுதான் காரணம் என்று அதில் இருந்தது. ஏப்ரல் 9 என்பது பாக்தாத் வீழ்ந்த நாள்.

340 டன் என்றால் எவ்வளவு? 1988-ல் ஸ்காட்லாந்தின் லாக்கர்பி ஊருக்கு மேலே பான் ஆம் விமானம் வெடித்துச் சிதறியதே, 270 பேர் செத்தார்களே, அந்த விமானத்துக்குள் வைக்கப்பட்ட செம்டெக்ஸ் என்ற வெடிமருந்து அரைக் கிலோ கூட இருக்காது என்றுதான் கணக்கிட்டார்கள். செம்டெக்ஸில் இருப்பதும் இதே ஆர்.டி.எக்ஸும் பி.இ.டி.என்.னும்தான். இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த வகை மருந்துகள் கீழே விழுந்தால் உடனே வெடித்துவிடுகிற சமாச்சாரம் இல்லை. லாரியில் குலுங்கக் குலுங்கக் கொண்டுபோகலாம், வருஷக்கணக்கில் மூட்டை கட்டிப் போட்டு வைக்கலாம். ராணுவம் இவற்றை விரும்புவதற்கு அது ஒரு காரணம், திருடுகிறவன் விரும்புவதற்கும் அதேதான் காரணம்.

அமெரிக்கப் படை வருவதற்கு முன்பே சதாமின் ஆட்கள் எடுத்துப் போயிருக்கலாம் என்று அமெரிக்கப் பாதுகாப்புத் துறையான பெண்டகன் தரப்பில் சொன்னார்கள். சரி, அதையும் பார்ப்போம். ஏப்ரல் முதல் வாரத்திலேயே அமெரிக்கப் படைகள் அந்த வளாகத்துக்குள் வந்தன. ஏப்ரல் 18 அன்று படையோடு போன ஒரு அமெரிக்கத் தொலைக்காட்சிக் குழு அங்கே படம் பிடித்தது. சீல் வைத்த பங்கர் கதவும், அதைத் திறந்து உள்ளே போனால் அடுக்கடுக்காக வெடிமருந்துப் பீப்பாய்களும் அந்தப் படத்தில் தெரிகின்றன. பார்த்துவிட்டுப் படை நகர்ந்துவிட்டது. கதவை மூடி அங்கே ஆள் நிறுத்தச் சொல்லி யாருக்கும் உத்தரவு இல்லை. அந்தச் சிப்பாய்களை நான் குறை சொல்லவில்லை, அவர்களை பாக்தாத்தைப் பிடிக்க அனுப்பினார்கள், பிடித்தார்கள். உத்தரவு போட வேண்டியவர்களைத்தான் குறை சொல்கிறேன்.

அல் ககா பெயர் வெளியே வந்ததால் அதைப் பற்றித் தெரிகிறது. இராக் முழுக்க அப்போது இருந்த படைக்கலங்களுக்கு யாரிடமும் சரியான கணக்கு இல்லை, 6 லட்சம் டன்னிலிருந்து 10 லட்சம் டன் வரைக்கும் மதிப்பிட்டார்கள். பள்ளிக்கூடங்களில் குண்டுகளை அடுக்கி வைத்திருந்தார்கள். பேரீச்சந் தோப்புகளில் புதைத்து வைத்திருந்தார்கள். இத்தனையும் காவல் காக்க ஆள் போதாது என்று பிறகு சொன்னார்கள். உண்மை, போதாதுதான். ஆனால் ஆள் போதாது என்பது போருக்கு முன்பே தெரிந்த விஷயம். இராக்கைக் கட்டுக்குள் வைக்கப் பல லட்சம் வீரர்கள் வேண்டும் என்று அமெரிக்கத் தரைப்படைத் தளபதி எரிக் ஷின்செகி 2003 பிப்ரவரியில் நாடாளுமன்றக் குழு முன்னால் சொன்னார். அந்த எண்ணிக்கை ரொம்ப அதிகம் என்று மேலே இருந்தவர்கள் பகிரங்கமாகவே மறுத்தார்கள்.

2007-ல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான அரசு பொறுப்புடைமை அலுவலகம் இதைப் பற்றி ஒரு அறிக்கை கொடுத்தது. இராக் ராணுவம் சரணடைந்து உள்நாட்டுப் பாதுகாப்பைத் தானே பார்த்துக்கொள்ளும், எதிர்ப்பு பெரிதாக இருக்காது, போருக்குப் பிந்தைய இராக் அமெரிக்கப் படையின் பொறுப்பாக இருக்காது: திட்டம் போட்டவர்கள் இப்படி அனுமானித்துக்கொண்டார்கள் என்று அதில் இருக்கிறது. மூன்றும் பொய்த்துப்போயின. அப்புறம் 2003 மே 23 அன்று, இராக்கை நிர்வகிக்க அமெரிக்கா நியமித்த பால் பிரெமர் ஒரே உத்தரவில் இராக் ராணுவத்தையே கலைத்தார். எந்தக் கிடங்கில் எந்தக் குண்டு இருக்கிறது, எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு என்று தெரிந்த லட்சக்கணக்கான ஆண்கள் சம்பளம் இல்லாமல் வீட்டில் உட்கார்ந்தார்கள். கிடங்குக்கோ காவல் இல்லை. கோபப்பட்டவனுக்கு அங்கே போகும் வழியும் தெரியும். இதைவிட ஆபத்தான நிலையை வேண்டுமென்றே திட்டம் போட்டாலும் உருவாக்க முடியாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அப்புறம் என்ன நடந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். சாலையோரக் குப்பையில், செத்த நாயின் வயிற்றில், நடைபாதைக் கல்லுக்கு அடியில் பழைய பீரங்கிக் குண்டுகளைக் கண்ணிவெடியாகப் புதைத்தார்கள். இராக் சண்டையில் செத்த அமெரிக்க வீரர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் இப்படிப்பட்ட வெடிகளால்தான் செத்தார்கள். இராக்கியர்கள் அதைவிடப் பல மடங்கு. 2003 ஆகஸ்ட் 19 அன்று பாக்தாத் கனால் ஹோட்டலில் இருந்த ஐ.நா. அலுவலகத்தின் மீது வெடிலாரி மோதியதில் இராக்குக்கான ஐ.நா. சிறப்புத் தூதர் செர்ஜியோ வியேரா டி மெல்லோ உட்பட 22 பேர் இறந்தார்கள். போருக்குப் பின் உதவி செய்ய வந்தவர்கள் அவர்கள். அந்த லாரியில் இருந்தது பழைய ராணுவக் குண்டுகள், சோவியத் காலத்து விமானக் குண்டு உட்பட, என்று விசாரித்த அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. சொன்னது. அதற்குப் பிறகு ஐ.நா. தன் ஆட்களில் பெரும்பாலானவர்களை இராக்கிலிருந்து எடுத்துவிட்டது. மருந்துக்கும் தண்ணீருக்கும் அந்த ஆட்களை நம்பியிருந்தவர்களின் கதியை யோசித்துப் பாருங்கள்.

குண்டு வைக்கிறவன் மட்டும்தான் ஆபத்து என்று நினைக்கிறோம், அப்படி இல்லை. பாக்தாத் அருகே துவைதா என்ற அணு ஆராய்ச்சி வளாகம். அங்கேயும் காவல் போனதும் சுற்றுவட்டார ஜனங்கள் உள்ளே போனார்கள். அணுகுண்டு செய்யப் போகவில்லை, பீப்பாய்க்குப் போனார்கள். குழாயில் தண்ணீர் வராத நேரம், தண்ணீர் பிடித்து வைக்க மூடியோடு ஒரு நல்ல பீப்பாய் கிடைக்கிறது. உள்ளே இருந்த மஞ்சள் தூளைத் தரையில் கொட்டிவிட்டு எடுத்துப் போனார்கள். அந்தத் தூள் யுரேனியத் தாதுப் பொடி. அதே பீப்பாயில் குடிதண்ணீர் வைத்தார்கள், பால் வைத்தார்கள். பிற்பாடு ஒரு பீப்பாய்க்கு 3 டாலர் என்று விலை கொடுத்து அமெரிக்கப் படையே திரும்ப வாங்கியது. அந்த வளாகத்தைப் பாதுகாக்கச் சொல்லி சர்வதேச அணுசக்தி முகமையின் தலைவர் எல்பரதேய் அந்த ஏப்ரலிலேயே கேட்டிருந்தார். ஒரு தாய் தன் பிள்ளைகளுக்குத் தண்ணீர் பிடித்து வைத்த பாத்திரத்தில் யுரேனியம் இருந்தது என்றால், அவளுக்கு அதைத் தெரிந்துகொள்ள ஏதாவது வழி இருந்ததா?

பித்தளைக்காகக் குண்டைப் பிரித்தவர்களும், மரப்பெட்டியை விறகுக்காக உடைக்கப் போனவர்களும், பளபளப்பாக ஏதோ கிடக்கிறதே என்று எடுத்த குழந்தைகளும் எத்தனை பேர் கை கால் இழந்தார்கள், செத்தார்கள். 2004 மே மாதம் பாக்தாத்தில் சாலையோரம் வைத்திருந்த ஒரு பீரங்கிக் குண்டுக்குள் சரின் என்ற நச்சு வாயுச் சரக்கு இருந்தது. வைத்தவனுக்கே அது தெரிந்திருக்காது என்றுதான் கருதினார்கள். சேர்த்து வைத்த இடத்திலும் ஆபத்து உண்டு. 2003 ஏப்ரல் 26 அன்று பாக்தாத்தின் ஜஃபரானியா பகுதியில், குடியிருப்புக்குப் பக்கத்தில் அமெரிக்கப் படை குவித்து வைத்திருந்த வெடிபொருள்கள் தீப்பிடித்து, ராக்கெட்டுகள் பறந்து போய் வீடுகளில் விழுந்தன. ஒரு குடும்பத்தையே அடக்கம் செய்ய வேண்டியதாயிற்று.

இராக்கில் பேரழிவு ஆயுதம் இருக்கிறது என்று சொல்லித்தானே அமெரிக்கர்கள் போனார்கள். இல்லாத ஆயுதத்தைத் தேட ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆட்களோடு ஒரு தனிக் குழு அமைத்தார்கள், கண்ணெதிரே இருந்த கிடங்குக்கு ஒரு காவலாள் இல்லை. பாக்தாத்தில் எண்ணெய் அமைச்சகக் கட்டடத்துக்கோ ஆரம்பத்திலேயே டாங்கிகள் வந்து நின்றன. ஆக, எதைக் காப்பது எதை விடுவது என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். குழப்பத்தில் நடந்துவிட்டது என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

மனசு வைத்தால் முடியும் என்பதற்கும் அதே துவைதாதான் சாட்சி. அங்கே மிச்சம் இருந்த சுமார் 550 டன் யுரேனியத் தாதுப் பொடியை 2008-ல் ரகசியமாக விமானங்களில் ஏற்றி, பிறகு கப்பலில் கனடாவுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். வழியில் எதுவும் தொலையவில்லை.

இராக்கில் இத்தனை பட்ட பிறகு 2011-ல் லிபியாவில் என்ன செய்தார்கள்? அமெரிக்காவும் அதன் கூட்டாளி நாடுகளும் மேலிருந்து குண்டு போட்டார்கள், கடாபி ஆட்சி விழுந்தது, கிடங்குகள் மறுபடியும் திறந்து கிடந்தன. தோளில் வைத்துச் சுடும் விமான எதிர்ப்பு ஏவுகணைகளை மட்டும் கடாபி சுமார் 20,000 வாங்கியிருந்தார் என்பது அமெரிக்க மதிப்பீடு. அந்த அக்டோபரில் ஐ.நா. பாதுகாப்பு அவை கவலை தெரிவித்துத் தீர்மானம் போட்டது. அதற்குள் துப்பாக்கிகள் பாலைவனம் தாண்டிப் போய்விட்டன, 2012 ஜனவரியில் மாலியில் கலகம் வெடித்தது.

சட்டமே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஒரு பகுதியைப் பிடித்த படை அங்கே பொது ஒழுங்கையும் பாதுகாப்பையும் உறுதி செய்ய வேண்டும் என்று 1907 ஹேக் விதிகளின் 43-ஆம் பிரிவே சொல்கிறது. கைவிடப்பட்ட வெடிபொருள்களுக்கென்றே 2003 நவம்பரில், இராக்கில் கொள்ளை நடந்து முடிந்த அதே ஆண்டில், ஒரு சர்வதேச நெறிமுறை நிறைவேறி 2006-ல் அமலுக்கு வந்தது. பிடித்த பகுதியில் கிடக்கும் வெடிபொருளை அடையாளமிட்டு அகற்றுவது அந்தப் பகுதியைக் கையில் வைத்திருப்பவரின் கடமை என்கிறது அது. நல்ல விஷயம்தான். ஆனால் எப்போது? சண்டை ஓய்ந்த பிறகு, இயன்ற விரைவில். என் கவலையெல்லாம் அந்த இடைவெளியில்தான். அல் ககா காலியானது சண்டை ஓய்ந்து அதிகாரிகள் கோப்பைப் பிரித்துப் பார்த்த காலத்தில் அல்ல, காவலாளி போனதற்கும் அடுத்த ஆள் வராததற்கும் நடுவில் இருந்த சில வாரங்களில்.

அதனால் நாம் கேட்க வேண்டியதும் அந்தச் சில வாரங்களைப் பற்றித்தான். எந்த அரசு படையை எல்லை தாண்டி அனுப்பினாலும், எந்தெந்தக் கிடங்குகள், ஒவ்வொன்றுக்கும் எத்தனை ஆள், முதல் நாள் இரவு யார் நிற்பது என்ற பட்டியல் புறப்படும் முன்பே தயாராக இருக்க வேண்டும். கிடங்கில் வேலை பார்த்த உள்ளூர்க்காரர்களுக்கு அந்த மாதச் சம்பளத்தைக் கொடுத்து அங்கேயே வைத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பட்டியல் இல்லாமல் வரும் போர்த் திட்டத்துக்கு எந்த நாடாளுமன்றமும் பணம் ஒதுக்கக் கூடாது.